பாட்டு நின்றால் கேதம்

திரையிசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடியவர்களைக் கேட்கிறார்கள், வாசித்தவர்களைக் கேட்கிறார்கள், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தவரைக்கூடத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். மின்துறையில் வேலை பார்த்தவனை யாரும் கேட்பதில்லை. பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பில் வரும்போதுதான் மனிதர்களுக்கு ஞாபகம் வருகிறது.

எங்கள் ஓய்வூதியர்களின் கைபேசிக் குழுவில் கொஞ்ச நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. ஒவ்வொரு பத்தாண்டு பிறக்கும்போதும் தமிழ்ப் பாட்டு சட்டையை மாற்றிக்கொள்கிறது என்பது ஒருவரின் கொள்கை. எழுபது பிறந்தபோது ஒன்று, எண்பது பிறந்தபோது ஒன்று, தொண்ணூறில் ஒன்று. சரி, தொண்ணூறுகளின் புது ஓசை எந்தப் பாட்டோடு வந்தது என்று இன்னொருவர் கேட்டார். அதற்குப் பிறகு குழுவில் காலை வணக்கப் படங்கள்கூட வரவில்லை. ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு படம், ஆளுக்கொரு வசை. நான் வாயைத் திறக்கவில்லை. சங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். இங்கே திறக்கிறேன். அந்த ஓசை எங்கள் பகுதிக்கு எந்தக் கம்பி வழியாக, யாருடைய அனுமதியோடு வந்தது என்று எனக்குத் தெரியும். கம்பியை மாற்றிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

பட்டயப் படிப்பு முடித்து, பயிற்சி என்ற பெயரில் சாமான் கிடங்கில் மின்கம்பத்துப் பீங்கான்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, இளநிலைப் பொறியாளராகத் திருச்சுழிப் பக்கம் வந்து சேர்ந்தேன். எனக்கு மேலதிகாரி அருப்புக்கோட்டையில் இருந்த உதவி செயற்பொறியாளர் வேதமாணிக்கம். ஒல்லியான மனிதர். யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சொல்லி முடித்ததும் கண்ணைத் திறக்காமலே ஒரு கேள்வி வரும்: “பார்த்தியா, கேட்டியா?”

ஒருமுறை லைன்மேன் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஐயா, பந்தல்குடி ரோட்டுல டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சுய்யா.”

“பார்த்தியா, கேட்டியா?”

“கேட்டேன்ய்யா.”

“என்னத்தைக் கேட்ட?”

“வெடிச்ச சத்தத்தைத்தான்.”

“அங்கன யார் வீட்டுல கல்யாணம்?”

லைன்மேன் யோசித்தார். மணல் லாரி வைத்திருந்த ஒருவர் வீட்டில் அன்று கல்யாணம். வெடித்தது வாணம். டிரான்ஸ்பார்மர் தன் இடத்தில் தேமே என்று நின்றுகொண்டிருந்தது.

அவருடைய இன்னொரு பழக்கத்தை நான் ஓய்வு பெறும் வரை கடைப்பிடித்தேன். கம்பத்தில் ஏறிய ஆள் இறங்கி, அவர் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். “சுந்தரம் இறங்கிட்டான்யா” என்று இன்னொருவன் சொன்னால் அவர் காதில் அது விழாது. ஏறியவர்கள் எல்லோரும் பெயர் சொன்ன பிறகுதான் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட அனுமதி. அதுவரை சாவி அவர் சட்டைப் பையில். ஜீப்பில் எப்போதும் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி வேலை நடக்கிற இடத்தில், டிரான்ஸ்பார்மர் சுவிட்சின் கைப்பிடிக்குப் பக்கத்தில் அதை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வேலை செய்கிறவர்களைப் பார்க்க மாட்டார். கைப்பிடியைத்தான் பார்ப்பார்.

நான் வேலைக்கு வந்தபோது எண்பதுகள் பிறந்திருந்தன. விசேஷ வீடுகளில் இசைத்தட்டு சுழன்ற காலம் அது. ஊரில் அதற்குப் பெயர் ரேடியோ செட்டு. ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பனை உயரத்துக்கு மூங்கில் நட்டு, உச்சியில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, நான்கு திசைக்கும் திருப்பி வைப்பார்கள். தட்டைச் சுற்றும் சின்ன மோட்டாருக்கு மின்னழுத்தம் குறைந்தால் சோம்பல் வந்துவிடும், பாட்டு இழுக்கும். முந்தைய காலத்தில் இதை யாரும் கவனித்ததில்லை. சோகப் பாட்டு இழுத்தால் கூடுதல் சோகம், அவ்வளவுதான். எண்பது பிறந்ததும் கிதாரும் துள்ளல் தாளமுமாகப் பாட்டுகள் வந்தன. அவை இழுத்தால் ஆடுகிறவன் கால் அந்தரத்தில் நின்றது. புகார்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கின. “சார், பாட்டு இழுக்குது” என்பது எங்கள் பகுதியில் முறையான மின்னழுத்தப் புகாராகவே ஆகிவிட்டது. நானும் காது பழகினேன். பாடகியின் குரல் ஆண் குரலாக மாறிவிட்டால் நூற்றெழுபது வோல்ட்டுக்குக் கீழே என்று வயற்காட்டில் நின்றே சொல்வேன். மீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிறகு கேசட் வந்தது, இழுவைப் புகார்கள் ஓய்ந்தன. பாட்டோடு எங்களுக்கு இருந்த தொடர்பு முடிந்தது என்று நினைத்தேன். தொண்ணூறுகள் பிறந்ததும், ஒரு பங்குனி மாதத்தில், துரைராஜ் அலுவலகத்துக்கு வந்தான்.

துரைராஜின் ஊர் திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் இடையில். பெயர் வேண்டாம். அந்த ஊரில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். பகலில் மிளகாய்க் காட்டு வேலை, ராத்திரியில் இன்னிசைக் கச்சேரி. ஆர்மோனியத்தில் தொடங்கி, ஆறேழு பேரைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தான். மேசைக்கு முன்னால் நின்று, பீடிகை இல்லாமல் கேட்டான்.

“சார், எங்கூருக்கு ஒரு இருநூறு வோல்ட்டு வேணும் சார்.”

“என்னத்துக்கு?”

“கீபோர்டுக்கு.”

“அது எம்புட்டு இழுக்கும்?”

“ஒரு குண்டு பல்பு இழுக்கிற அளவுகூட இழுக்காது சார். ஆனா கரண்டு இறங்குனா மறந்துரும்.”

“என்னத்தை மறக்கும்?”

“நான் சொல்லிக்குடுத்த தாளம், சத்தம் எல்லாத்தையும். அணைஞ்சு எந்திரிச்சா ஒண்ணுந் தெரியாத பச்சப்பிள்ளை மாதிரி வெறும் பியானோவா நிக்குது.”

“ஸ்டெபிலைசர் போட வேண்டியதுதானே?”

“போட்டேன் சார். எங்கூருக் கரண்டைப் பார்த்துட்டு அதுவே கையெடுத்துக் கும்பிட்டுருச்சு.”

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும்தான் விஷயம் முழுதாக வந்தது. சுற்று வட்டாரத்தில் அவன் வாசிக்காத ஊர் இல்லை. சொந்த ஊரில் மட்டும் மேடை ஏறியதில்லை. ஊர் அம்மனுக்கு வைக்கும் பங்குனிப் பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் மதுரையிலிருந்துதான் குழு வரும். அந்த வருடம் பாட்டே புதிதாக மாறியிருந்தது. மேளக்காரர் இல்லாமல் மேளம், ஆள் இல்லாமல் கூட்டம். கேசட்டில் கேட்ட பையன்கள் கச்சேரியிலும் அதுவே வேண்டும் என்றார்கள். மதுரைக் குழுவிடம் அதற்கான கருவி இல்லை. துரைராஜ் எங்கெங்கோ அலைந்து ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். விழாக் கமிட்டித் தலைவர் ராமசாமி முதல்முறையாக அவனுக்கு மேடை கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

“ராமசாமி மாமா கேசட்டுல உள்ளபடியே வரணும்னுட்டாரு சார். வராட்டி இனிமே எந்த ஜென்மத்துலயும் இந்த மேடையில உனக்கு இடமில்லைலேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. எங்கம்மாவும் அங்கனதான் நின்னுச்சு.”

மறுநாள் மீட்டரோடு போனேன். கோயில் தெருவில் நூற்றைம்பது. கீழத் தெருவில் இருநூற்று முப்பது. ஒரே ஊர், ஒரே டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து மூன்று கம்பிகளில் மின்சாரம் போகும். ஒவ்வொன்றையும் ஒரு பேஸ் என்போம். ஊர்ச் சுமையை மூன்றுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் முக்கால்வாசி வீடுகள் ஒரே பேஸில் தொங்கின. எதனால் என்று லைன்மேன் சுந்தரத்தைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அது அம்மன் பேஸு சார்.”

“அப்படின்னா?”

“கோயிலுக்குப் போற பேஸு. எப்பவோ பெருமழையில மத்த ரெண்டும் போயி இதுல மட்டும் லைட்டு எரிஞ்சிருக்கு. அதுல இருந்து புது வீடு கட்டுற எவனும் அம்மன் பேஸுலதான் குடுக்கணும்னு நிப்பான். வேற கம்பியில மாட்டுனா பொண்ணு வீட்டுக்காரன் வந்து கேட்கிறான் சார், உங்களுக்கு மட்டும் ஏன் வேற கம்பின்னு.”

மின்பொறியியல் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. வேதமாணிக்கத்திடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பார்த்தியா, கேட்டியா என்றார். பார்த்தேன் என்றேன். பாதி வீடுகளின் இணைப்பை மற்ற இரண்டு கம்பிகளுக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் பூசாரியிடம் பேச வேண்டும் என்றார். அவரே பேசினார்.

“சாமி, மூணு கம்பியும் ஒரே டிரான்ஸ்பார்மர்ல பிறந்தது. கூடப்பிறந்த அக்கா தங்கச்சிக. ஒருத்தி தலையிலயே எல்லாச் சுமையையும் ஏத்துனா ஆத்தா பொறுப்பாளா?”

பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, “பொறுக்க மாட்டா” என்றார். பூசாரி சொன்ன பிறகு எந்தப் பெண் வீட்டாரும் கேள்வி கேட்கவில்லை.

கோயில் வேலையெல்லாம் ஒழிந்து, பொங்கல் அன்று காலையில்தான் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளக் கமிட்டி ஒத்துக்கொண்டது. சாயங்காலம் பொங்கல் பானை, பொழுது சாய்ந்ததும் கச்சேரி. விதிப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ரேடியோ செட்டுக்காரரிடம் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கை வாங்கி, “பராமரிப்புப் பணியின் பொருட்டு மின் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது, பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். வேதமாணிக்கம் கைப்பிடியை இறக்கிப் பூட்டினார். கம்பிகளை எர்த் ராடால் தொட்டு, மின்சாரம் மிச்சமில்லை என்று சோதித்தோம். சுந்தரம் ஒரு கம்பத்திலும் இன்னொரு லைன்மேன் அடுத்த கம்பத்திலும் ஏறினார்கள். மேலதிகாரி நாற்காலியை விரித்தார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

புத்தகத்தில் இல்லாத ஒன்று அந்தச் சீமையில் உண்டு. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும் வரை ரேடியோ செட்டு பாடிக்கொண்டே இருக்கும். நடுவில் அது நிற்க ஒரே காரணம்தான்: ஊரில் சாவு. அங்கே அதைக் கேதம் என்பார்கள். கேதம் விழுந்தால் செட்டு நிற்கும், விழா நிற்கும், மேடை பிரியும். வழக்கமாக மின்தடை வந்தால் செட்டுக்காரர் பேட்டரியில் ஓட்டிவிடுவார். அன்றைக்குப் பேட்டரி, சப்பரத்தின் விளக்குக்குப் போயிருந்தது.

ஊருக்குள் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். காட்டில் இருந்தவர்களுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டது இவ்வளவுதான்: துள்ளல் பாட்டு ஒன்று பாதியில் நின்றது. கனத்த குரலில் ஒருவர் புரியாத தமிழில் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு நிசப்தம். என் குரலுக்கு அப்படி ஒரு தகுதி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

யார் செத்திருப்பார்கள் என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ராமசாமியின் தகப்பனார் இருளப்பர் தொண்ணூறு வயதில் தை மாதத்திலிருந்து படுக்கையில் இருந்தார். சுற்று வட்டாரமே அந்தச் சேதிக்காகக் காத்திருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

முதலில் காட்டிலிருந்து நாலைந்து பேர் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ராமசாமி எங்களோடு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றிருந்தார். வந்தவர்கள் எதுவும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொங்கல் வாழ்த்து என்று நினைத்து அவரும் சிரித்தார். அதற்குள் கிழக்கே இருந்து ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறையப் பெண்கள். முன்னால் நின்றது ராமசாமியின் அக்கா பூமயில், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு கையில் பெரிய சம்பங்கி மாலை.

“என்னைப் பெத்த அய்யா! பொங்கலும் அதுவுமா இப்பிடிப் போயிட்டீகளே!”

ராமசாமி பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு டிராக்டர் பக்கம் திரும்பினார்.

“யக்கா! எப்ப நடந்துச்சு?”

“அடப்பாவி, என்னைய வந்து கேக்குறியே! செட்டை நிப்பாட்டிட்டு ஆளனுப்பாம நிக்கிறியேடா!”

“நான் விடியக்காலம் பார்த்தப்ப நல்லாத்தான இருந்தாக!”

அவ்வளவுதான். ராமசாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாட்டு நின்றதால் அக்கா வந்தாள். அக்கா வந்ததால் தம்பி நம்பினான். தம்பி அழுததால் ஊர் நம்பியது. மின்சாரத்தை நிறுத்தச் சம்மதித்தவரே தலைவர்தான் என்பது தலைவருக்கே ஞாபகமில்லை. பூசாரி கோயில் கதவைச் சாத்தப் போனார். மேடையில் துணி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவிழ்க்கத் தொடங்கினார்கள். துரைராஜ் கீபோர்டைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இந்த இருநூறு வோல்ட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது.

நாற்காலியில் கண் மூடியிருந்த வேதமாணிக்கம் கேட்டார்:

“தலைவரே, பார்த்தீகளா, கேட்டீகளா?”

ராமசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எதை சார்?”

“ஐயா தவறிட்டாகன்னு சொன்னீகளே. உடம்பை யார் பார்த்தது?”

ராமசாமி அக்காவைப் பார்த்தார். அக்கா டிராக்டரைப் பார்த்தார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டிருந்தார்கள். கேட்டதுகூட இல்லை, கேட்காமல் போனதைக் கேட்டிருந்தார்கள்.

“வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றார் வேதமாணிக்கம். என்னையும் போகச் சொன்னார்.

வீட்டில் இருளப்பர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி குடித்த ஈரம் மீசையில் காயவில்லை. முகத்தில் ஒரு தனி ஆர்வம்.

“ஏலே ராமசாமி, செட்டை நிப்பாட்டிட்டாகளே, எவன்டா போயிட்டான்? மேலத்தெருக்காரனா?”

ராமசாமி அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். கிழவர் விடவில்லை.

“அவந்தான்டா. நேத்தே இருமல் ஒரு மாதிரி கேட்டுச்சு. என்னைவிட ரெண்டு வயசு இளையவன், பாவம்” என்றார். பாவம் என்ற சொல்லில் பாவம் அதிகம் இல்லை.

அதற்குள் பூமயில் மாலையும் ஒப்பாரியுமாக வாசலில் நுழைந்து, கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார்.

“அய்யா! இருக்கீகளா!”

“இருக்காம? ஏத்தா, கையில என்ன மாலை?”

பூமயில் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கிற அளவு மாலை இல்லை அது.

வெளியே வேறு சிக்கல் காத்திருந்தது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் நாலா பக்கமும் வெட்டவெளி. கருவேல மரங்களைத் தவிரக் கண்ணை மறைக்க எதுவும் கிடையாது. மூன்று வண்டித் தடங்களிலும் புழுதி எழுந்துகொண்டிருந்தது. சம்பந்தக்காரர்கள், பங்காளிகள், மாலைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பூசாரி கறாராகச் சொன்னார்:

“ஒரு மாலை மகளோடது, பிள்ளை பாசம்னு ஆத்தா விட்ருவா. பங்காளிக மாலையும் எல்லை தாண்டிருச்சுன்னா ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் கேதம் கேதம்தான். பானை வைக்க மாட்டேன். கச்சேரியும் கெடையாது.”

“அப்ப உடனே பாட்டைப் போடுங்கடா! பாட்டுக் கேட்டாத் திரும்பிருவாங்கெ!” என்றார் ராமசாமி. கூட்டம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பியது.

இரண்டு பேர் அப்போதும் கம்பத்தில் இருந்தார்கள். வெறும் கையால் வெறும் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு. ஊர் மொத்தமும் கத்தியது. ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க வந்தார். வேதமாணிக்கம் நாற்காலியைத் தூக்கி, கைப்பிடிக்கு முன்னால் ஒட்டிப் போட்டு, அதில் முதுகு சாய உட்கார்ந்தார்.

“சார், வண்டி பாலத்துக்கிட்ட வந்துருச்சு சார்!” துரைராஜ் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

“தெரியுதுப்பா. மேல ரெண்டு பேரு இருக்காங்க, அதுவும் தெரியுது. இப்ப அவசரப்பட்டாத்தான் நெசமாவே கேதம்.”

கைப்பிடியைப் பிடிக்க வந்தவர் இரண்டடி பின்னால் போனார். சுந்தரம் கடைசி முடிச்சை முறுக்கி முடித்து இறங்கினார். ஓடி வரவில்லை. ஓடினால் மேலதிகாரி திட்டுவார் என்று தெரியும். நடந்து வந்து, இரண்டு கையையும் விரித்து, “சுந்தரம்” என்றார். அடுத்தவர் இன்னும் கம்பத்தில். பாதிக் கூட்டம் புழுதியைப் பார்த்தது, பாதிக் கூட்டம் கம்பத்தைப் பார்த்தது. அவரும் இறங்கி வந்து கையை விரித்து, பதற்றத்தில் முதலில் அப்பா பெயரைச் சொன்னார், பிறகு தன் பெயரைச் சொன்னார். வேதமாணிக்கம் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, பூட்டைத் திறந்து, கைப்பிடியை ஏற்றினார்.

குழாய்கள் நான்கும் ஒரே நேரத்தில் அலறின. பாதியில் நின்ற அதே துள்ளல் பாட்டு, விட்ட இடத்திலிருந்து.

அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியாது. பாலத்தருகே வந்த டிராக்டர் நின்றது. தடத்தில் வந்த மாட்டு வண்டி நின்றது. சைக்கிள்கள் நின்றன. காலை வெயிலில், அந்த மொட்டைக் காட்டில், நாலா திசையிலும் மனிதர்கள் அசையாமல் நின்று ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டார்கள். பிறகு டிராக்டர் மெதுவாக வளைந்து, வந்த வழியே திரும்பியது. ஒரு சைக்கிள் மட்டும் திரும்பவில்லை. வந்தவர், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பொங்கல் சாப்பிட்டுவிட்டே போகிறேன் என்றார்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். கோயில் தெருவில் இருநூற்றுப் பதினைந்து.

மகள் கொண்டுவந்த மாலையை என்ன செய்வது என்று பூசாரிக்கே முறை தெரியவில்லை. இருளப்பர் தீர்ப்புச் சொன்னார்: “எனக்குன்னுதானே வாங்குன? போட்டு விடு. பின்னால வாங்குறதை நான் பார்க்கவா போறேன்?” பூமயில் மாட்டேன் என்றார், அழுதார், கடைசியில் போட்டார். பொழுது சாயும்போது இருளப்பரை நாற்காலியோடு தூக்கி வந்து மேடைக்கு முன்னால் வைத்தார்கள். மாலையும் மீசையுமாக, கச்சேரிக்குத் தலைமை தாங்க வந்த அமைச்சரைப் போல உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ராமசாமி, அந்தப் பக்கம் வேதமாணிக்கம், அடுத்து நான்.

சாமிப் பாட்டு முடிந்தது. துரைராஜ் கீபோர்டில் எதையோ அழுத்தினான். மேடையின் இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் நின்றன. அவற்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். அந்த ஊர் அதுவரை குழாயில் மட்டுமே பாட்டுக் கேட்டது. குழாய்க்குத் தூரம்தான் தெரியும், ஆழம் தெரியாது. மெல்லிய ஓசைகள் அடுத்த ஊர் வரை பறக்கும், கனத்த ஓசைகள் குழாயிலேயே செத்துவிடும்.

கறுப்புப் பெட்டிகள் பேசின. முதல் அடி காதில் விழவில்லை, தரையில் விழுந்தது. அங்கிருந்து நாற்காலிக் கால்களில் ஏறி, விலா எலும்புக்குள் புகுந்து இடித்தது. திம். இன்னொரு முறை, திம். கோயில் மணி தானாக ஒருமுறை சிணுங்கியது. பின்னால் இருந்த பையன்கள் விசிலடித்தார்கள். கேசட்டில் உள்ளபடியே இல்லை, கேசட்டில் இதில் கால் பங்குகூட இல்லை. மேடையில் துரைராஜ் பாட்டைக் கவனித்ததைவிட ராமசாமியின் முகத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

இருளப்பர் வலது கையை எடுத்து மார்பின் மேல் வைத்தார்.

“ஏலே ராமசாமி.”

“என்னய்யா?”

“நெஞ்சுக்குள்ள யாரோ தட்டுறாகடா.”

ராமசாமி துள்ளி எழுந்தார். பின்னால் இருந்த பூமயில் வாயைத் திறந்துவிட்டார். ராமசாமியின் கை மேடையை நோக்கி, நிறுத்து என்று காட்டுவதற்காக உயர்ந்தது. துரைராஜின் விரல்கள் அந்தக் கையைப் பார்த்துத் தயங்கியது எனக்கே தெரிந்தது.

வேதமாணிக்கம் கிழவர் பக்கம் குனிந்தார்.

“வலிக்குதாய்யா?”

“வலிக்கலை. தட்டுது. பாட்டோட சேர்ந்து தட்டுது.”

வேதமாணிக்கம் தன் கையைத் தன் மார்பின் மேல் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடினார்.

“எனக்கும்தான்” என்றார்.

நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கும். ராமசாமி, உயர்த்திய கையை அப்படியே கொண்டுவந்து தன் மார்பில் வைத்தார். பூமயில் வைத்தார். பூசாரி வைத்தார். முன்வரிசை முழுவதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியது. புது இசைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ வரவேற்பு நடந்திருக்கும். இவ்வளவு முறையான சோதனைக்குப் பிறகு அனுமதி கொடுத்த ஊர் வேறு இருக்காது.

பாட்டு முடிந்ததும் கைதட்டலுக்கு நடுவில் இருளப்பர் மகனைத் தொட்டுக் கூப்பிட்டார்.

“நின்னு போச்சேடா. அந்தப் பயலை இன்னொருக்கா போடச் சொல்லு. அவன் நம்ம ஊர்ப்பயதானே?”

“நம்ம ஊருதான்ய்யா” என்றார் ராமசாமி. பிறகு எழுந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி மேடையைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

“துரைராஜு! ஐயாவுக்கு இன்னொருக்கா! அடுத்த வருசத்துப் பாட்டையும் இப்பவே பழக ஆரம்பிலே!”